கேட்ட பிறகு யார் பார்ப்பது?

மனநலம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: சமுதாய சுகாதார மையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். மனநல மருத்துவர் வாரம் ஒரு நாள்தான் வருவார். இப்போது மனநலச் சேவையை விரிவாக்கப் போகிறோம். வருகிற எல்லோரிடமும் மனச்சோர்வுப் படிவத்தை நிரப்பி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம், டாக்டர்?

பதில்: தயவுசெய்து படிவத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒருவர் கஷ்டத்தைச் சொல்லிவிட்டால் அவரை அன்றைக்கே யார் பார்ப்பது, அடுத்த வாரம் யார் கூப்பிட்டு விசாரிப்பது? இந்த இரண்டுக்கும் நேராக உங்கள் ஊழியர்களின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாவிட்டால் படிவத்தை இன்னும் எடுக்கும் நேரம் வரவில்லை.

மனச்சோர்வை அளக்கப் பயன்படும் பிஎச்கியூ-9 நல்ல படிவம்தான். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் அதிகபட்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த எண்ணை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வீட்டில் அண்மையில் யாராவது இறந்திருந்தாலும் மதிப்பெண் ஏறும்.

ஒன்பதாவது கேள்வி தனி ரகம். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்பது அது. மொத்தம் 6 தான் வந்திருந்தாலும், இந்த வரியில் 1 விழுந்தால் அவரிடம் யாராவது பேசாமல் அன்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு மையத்தில் நானே பார்த்தேன். தலைவலி என்று வந்த பெண் ஒருவர் அந்த வரியில் 'சில நாட்கள்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார். பேனாவை அழுத்திப் போட்டதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. ஊழியர் கூட்டிப் பார்த்து மேலே 7 என்று எழுதி, தாளை ஃபைலில் செருகிவிட்டார். அந்தப் பெண் தலைவலி மாத்திரை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டதும், "அதையெல்லாம் யாராவது படிப்பாங்களா?" என்று கேட்டார். ஊழியரைக் குறை சொல்லி என்ன பயன்? கூட்டி எழுதச் சொன்னார்கள், எழுதினார். அதற்கு மேல் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பல செவிலியர்கள் தயங்குகிறார்கள். கிளப்பாது. ஆய்வுகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேராகக் கேளுங்கள், எப்படிச் செய்துகொள்ள நினைத்தார், அந்தப் பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது வரை.

அடுத்து, வாரம் ஒரு நாள் வரும் உங்கள் மருத்துவர். அந்த நாள் முழுவதையும் வரிசையில் நிற்பவர்களுக்கே செலவிட்டால் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? சிகிச்சையில் இருப்பவர்களின் பதிவேட்டை உங்களோடு சேர்ந்து பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 18 பொது மருத்துவ நிலையங்களில், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேரிடம் நடந்த 'இம்பாக்ட்' ஆய்வு 2002-ல் வெளியானது. அங்கே செவிலியரோ உளவியலாளரோ ஒருவர் ஒவ்வொரு நோயாளியையும் விடாமல் பின்தொடர்ந்தார், மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்தார், முன்னேற்றம் இல்லாதவர்களைப் பற்றி மனநல மருத்துவரிடம் கலந்து பேசினார். ஓராண்டில், அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. வழக்கமான சிகிச்சையில் இது 19 சதவீதம். மருந்துகள் புதியவை அல்ல. புதிதாக இருந்தது, வராமல் நின்றவரை 'ஏன் வரலை?' என்று தேடிப்போய்க் கேட்க ஒரு ஆள்.

கேள்வி: மனநலப் படிப்பு படிக்காத களப்பணியாளர்கள் ஆலோசனை தரலாம் என்கிறார்கள். இது ஆபத்தில்லையா?

பதில்: சரியாகப் பயிற்சி கொடுத்து, பின்னால் ஒருவர் நின்று மேற்பார்வை பார்த்தால் ஆபத்தில்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தைச் சொல்லலாம். மருத்துவமனை வளாகத்தில் மர பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். சும்மா ஆறுதல் இல்லை. வந்தவரை எல்லாப் பிரச்சினைகளையும் சொல்லவைத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவரையே முடிவு செய்யவைப்பார்கள். அந்நாட்டுத் தலைநகர் ஹராரேயில் 24 நிலையங்களில், 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வெளியானது. மனச்சோர்வும் பதற்றமும் தெளிவாகக் குறைந்திருந்தன. கோவாவிலும் மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நல்ல பலன் காட்டினார்கள்.

ஆனால் எல்லைக்கோடு போட்டே ஆக வேண்டும். யாரும் இல்லாதபோது குரல் கேட்பவர், நாள்கணக்கில் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருப்பவர், குடியைத் திடீரென நிறுத்தியதும் கைநடுக்கம் எடுத்துக் குழம்பிப் பேசுபவர் ஆகிய மூவரும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதில் வலிப்பு வந்து உயிர் போகலாம்.

கேள்வி: 'மனநலப் பிரிவு' என்று பலகை வைத்தால் வெட்கப்பட்டு வராமல் போவார்களே, தனிக் கட்டடம் நல்லதா?

பதில்: வேண்டாம். அதே வரிசை, அதே சீட்டு, சர்க்கரைக்குப் பார்க்கும் அறைக்குப் பக்கத்து அறை. கதவு மட்டும் முழுதாக மூட வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால் உட்காரவைத்து 'என்ன மனக்கஷ்டம்' என்று கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்துப் பத்து நாளாகிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்கிறார். மனநிலையில் மாற்றமே இல்லை. நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மையத்திலிருந்து இந்நேரம் யாராவது கூப்பிட்டு இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூப்பிடவில்லை என்றால் நீங்களே கூப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் குமட்டல் பெரும்பாலும் அடங்கும், அதுவும் சில நாளில் தானாகக் குறையும். ஆனால் இருப்புக் கொள்ளாமல் தவித்தாலோ, தூக்கமே இல்லாமல் படபடவென்று பேசினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த முறை வரச்சொன்ன தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே அழைத்துப் போங்கள், அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரை அட்டைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.