சர்க்கரையைப் பற்றும் புரதங்களும் குறைப்பிரசவமும்

கேள்வி: என் முதல் குழந்தை 32-வது வாரத்திலேயே பிறந்துவிட்டது. இப்போது மறுபடி 13 வாரக் கர்ப்பம். காலெக்டின் என்ற, சர்க்கரையோடு ஒட்டும் புரதம் சரியாக இல்லாவிட்டால் குறைப்பிரசவம் ஆகும் என்று படித்தேன். எனக்கு சர்க்கரை நோய் இல்லை. இனிப்பை நிறுத்த வேண்டுமா? இதற்கு டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் படித்தது ரத்தத்தில் அளக்கும் சர்க்கரையைப் பற்றியது அல்ல. நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிகளாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதக் குடும்பம்தான் காலெக்டின். இனிப்பை நிறுத்தி இதைச் சரிசெய்ய முடியாது. முதல் பிரசவம் முந்தியதற்கு நீங்கள் தின்ற இனிப்பும் காரணமல்ல.

கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. தாயின் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை அந்நியமாக நினைத்துத் தாக்காமல் இருப்பதே பெரிய விஷயம். அதில் காலெக்டின்-1க்குப் பங்கு உண்டு. தாக்க முனையும் டி செல்களின் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்து, அவை தாமே மடியும்படி செய்கிறது. இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளுக்குக் கரு அதிகமாகக் கலைந்தது. புரதத்தை ஊசியில் கொடுத்தபோது அந்த இழப்பைத் தடுக்க முடிந்தது.

நச்சுக்கொடி சுரக்கும் காலெக்டின்-13 இன்னொன்று. ஆரம்ப மாதங்களில் இது ரத்தத்தில் குறைவாக இருந்த பெண்கள் சிலருக்குப் பின்னால் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்திருக்கிறது. அது முற்றினால் தாயைக் காப்பாற்றக் குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டிவரும். பனிக்குடத்தில் கிருமி தொற்றும்போதும் இந்தக் குடும்பத்துப் புரதங்களின் அளவு மாறுகிறது. ஆனால் இவை எல்லாம் இன்னும் ஆராய்ச்சி அளவில்தான். தனியாக டெஸ்ட் எடுத்து, அதை வைத்து முடிவு செய்யும் நிலை வரவில்லை. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் கேட்க விரும்புவது வேறு. போன முறை வலி தானாக வந்ததா, பனிக்குடம் உடைந்ததா, அல்லது ரத்த அழுத்தம் ஏறியதால் டாக்டரே பிரசவத்தை முன்னதாக வைத்தாரா? பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தம்தான் காரணம் என்றால், குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக எடுக்க வேண்டாம்.

வலி தானாக வந்தது அல்லது பனிக்குடம் உடைந்தது என்றால், 16 முதல் 24 வாரம் வரை பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து கர்ப்பப்பை வாயின் நீளத்தைப் பார்ப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தோ கர்ப்பப்பை வாயில் போடும் தையலோ உதவும். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நேரத்துக்குப் போனால், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட முடியும்.