மூன்று மாதக் குழந்தையின் காதில் இரத்தக்கட்டு: நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் மூன்று மாத ஆண் குழந்தையை வாந்தி என்று சேர்த்தார்கள். காய்ச்சல் இல்லை, பேதியும் இல்லை. எடை பார்க்கத் துணியைக் கழற்றியபோது இடது காது மடலுக்குப் பின்னாலும் கன்னத்திலும் இரத்தக்கட்டு தெரிந்தது. "தொட்டில் கம்பு பட்டுடுச்சு" என்றார் குழந்தையின் பாட்டி, அதாவது தாயின் மாமியார். தாய் வாயே திறக்கவில்லை. அவர் மணிக்கட்டிலும் பழைய காயம் இருந்தது. டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "குடும்ப விஷயம் சிஸ்டர், நமக்கெதுக்கு?" என்றுவிட்டார். மறுநாள் டிஸ்சார்ஜ். நான்தான் தேவையில்லாமல் சந்தேகப்படுகிறேனா? இப்படி வந்தால் எதை எழுதுவது, யாரிடம் சொல்வது? சொன்னது தப்பாகிப்போனால் என் மேல் கேஸ் வருமா?

பதில்: தேவையில்லாத சந்தேகம் இல்லை. சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். அந்தக் குழந்தை இப்போது வீட்டில் இருக்கிறது, அதனால் முதலில் மருத்துவம். ரிவியூவுக்குக் காத்திருக்காமல் இன்றே உங்கள் குழந்தைகள் நல மருத்துவரிடம் நேரில் பேசி, குழந்தையைத் திரும்ப வரவழைக்கச் சொல்லுங்கள். காய்ச்சலும் பேதியும் இல்லாமல் வாந்தி, கூடவே முகத்தில் இரத்தக்கட்டு என்றால் தலைக்குள் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, தலைச்சுற்றளவு கூடியிருக்கிறதா, பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கிறதா, கை கால் வெட்டி இழுத்ததா என்று பாருங்கள். ஸ்கேன் எடுக்க வேண்டும். கண் மருத்துவர் விழித்திரையில் இரத்தக் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். பிடித்து உலுக்கப்பட்ட குழந்தைக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் போகலாம். அதனால்தான் இந்தக் குழந்தைகள் "வாந்தி", "வயிற்றுக் கோளாறு" என்ற பெயரில் வந்து, அதே பெயரிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

அந்த இரத்தக்கட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மூன்று மாதக் குழந்தை இன்னும் குப்புறக்கூட விழுவதில்லை. தவழாத குழந்தைக்கு அடிபட வேண்டுமானால் யாராவது இடிக்க வேண்டும், நழுவ விட வேண்டும், அல்லது அடிக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் கீழ்க்காலின் முன்பக்கத்திலும் நெற்றியிலும் காயம் இருப்பது சாதாரணம். எலும்பு துருத்திய இடங்கள்தான் தரையில் மோதும். காது, கழுத்து, மார்பு, வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய இடங்கள் அவ்வளவு சுலபமாக மோதாது. சந்தேகப்பட வேண்டிய இடங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த 'டென் ஃபோர் ஃபேசஸ் பி' (TEN-4-FACESp) என்ற நினைவுக் குறிப்பை நீங்கள் படித்திருக்கலாம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடற்பகுதி, காது, கழுத்து, தாடையின் கோணம், கன்னத்தின் சதை, கண் இமை, கண்ணின் வெள்ளை, மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சவ்வு ஆகிய இடங்களில் காயம் இருந்தாலும், விரல், பெல்ட், கயிறு என்று ஏதாவது ஒரு பொருளின் வடிவில் தடம் இருந்தாலும் நின்று யோசிக்க வேண்டும். ஐந்து மாதம் முடியாத குழந்தை என்றால் இடமெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. உடம்பில் எங்கே இரத்தக்கட்டு இருந்தாலும் விசாரிக்க வேண்டியதுதான்.

சின்னக் காயம்தானே என்று விடவும் முடியாது. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், துன்புறுத்தப்பட்டது உறுதியான 200 கைக்குழந்தைகளின் பழைய விவரங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். 27.5 சதவீதம் பேருக்கு அதற்கு முன்பே இப்படி ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது. பலருடைய காயம் மருத்துவமனைக் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஒப்பிட எடுத்துக்கொண்ட, துன்புறுத்தப்படாத குழந்தைகளில் ஒருவருக்கும் அப்படி இல்லை.

அதே நேரம், குற்றவாளியைத் தேடும் கண்ணோடு கட்டிலுக்குப் போகாதீர்கள். நம் ஊர்க் குழந்தைகள் பலருக்குப் பிட்டத்திலும் இடுப்பிலும் பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். அதை அடி என்று எழுதினால் ஒரு குடும்பத்தையே அலைக்கழித்துவிடுவோம். இரத்தக்கட்டு சில நாளில் நிறம் மாறி மறையும், பிறவித் திட்டு அவ்வளவு சீக்கிரம் மாறாது. பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். போடாத, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு முதல் சில மாதங்களில் தானாகவே மூளைக்குள் இரத்தம் கசியலாம். பிளேட்லெட் எண்ணிக்கையும் இரத்தம் உறையும் நேரமும் பார்க்காமல் யாரும் முடிவுக்கு வரக் கூடாது. இரத்தக்கட்டின் நிறத்தை வைத்து "இது மூன்று நாள் காயம்" என்று கணக்குச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு நம்பகமானதல்ல.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "யாராவது உரம் எடுத்தாங்களா?" குழந்தை வீறிட்டு அழுதாலோ பால் கக்கினாலோ உடம்பில் சுளுக்கு, அதாவது உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் இன்றும் நடக்கிறது. பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் மூளைக்கு அந்தப் பாசம் தெரியாது. இந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை என்பதால் மாமியாரும் பதில் சொல்வார். வலிப்புக்கோ காமாலைக்கோ போட்ட சூட்டுத் தழும்பும் இப்படித்தான். நோக்கம் கொடுமை இல்லை என்றாலும் காயம் காயம்தான். பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும், டாக்டருக்குச் சொல்ல வேண்டும், வீட்டாருக்கும் பொறுமையாகப் புரியவைக்க வேண்டும். குறும்பு செய்ததற்குத் தோசைக்கரண்டியைக் காய்ச்சி வைத்த சூடு வேறு வகை; அதற்குப் பழக்கவழக்கம் என்று சலுகை கிடையாது.

கொதிநீர்க் காயத்தில் ஓரத்தைப் பாருங்கள். குழந்தை தானாகக் கவிழ்த்துக்கொண்டால் சிதறல் இருக்கும், மேலே ஆழமாகவும் கீழே வரவரக் குறைந்தும் இருக்கும். பிடித்து முக்கினால் கையுறையோ காலுறையோ போட்டதுபோல் ஒரே கோட்டில் நிற்கும், சிதறல் இருக்காது. எலும்பு முறிவில், நடக்காத குழந்தையின் தொடை எலும்பு முறிவும் விலா எலும்பு முறிவும் கட்டாயம் கேள்வி எழுப்ப வேண்டியவை.

இனி எழுதுவதைப் பற்றி. நீதிமன்றம் வரை போனால், உங்கள் நர்சஸ் நோட்ஸ் மற்ற எல்லோருடைய நினைவையும்விட உறுதியாக நிற்கும். ஆனால் "துன்புறுத்தல் போல் தெரிகிறது" என்று எழுதினால் அது வெறும் கருத்து. "இடது காது மடலின் பின்புறம் 1.5 செ.மீ. நீளத்தில் கருநீல இரத்தக்கட்டு. இடது கன்னத்தில் 1 செ.மீ. அளவில் இரண்டு, வட்டமாக. காலை 10.20. பாட்டி கூறியது: 'தொட்டில் கம்பு பட்டுடுச்சு.' தாய் பதில் கூறவில்லை. 10.40-க்கு டியூட்டி டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதினால் யாராலும் அசைக்க முடியாது. சொன்னவர் யார், என்ன நேரம், என்ன வார்த்தை என்பதை அவர்கள் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். கேஷுவாலிட்டியில் ஒன்றும் வார்டில் வேறொன்றும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், எது பொய் என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். உடல் வரைபடத்தில் இடத்தைக் குறியுங்கள். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டு எம்.எல்.சி. (சட்டத் தொடர்புள்ள மருத்துவ கேஸ்) ஆக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் போனில் படம் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். படம் தேவையென்றால் மருத்துவமனை முறைப்படி எடுத்துக் கேஸ் ஷீட்டோடு சேர்க்க வேண்டும்.

பேசத் தெரிந்த குழந்தையாக இருந்தால், "அப்பா அடிச்சாரா?" என்று கேட்காதீர்கள். பதிலை நீங்களே ஊட்டியதாகிவிடும். "இது எப்படி ஆச்சு கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது.

அந்தத் தாயிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவருடைய மணிக்கட்டுதான். மனைவி அடிபடும் வீட்டில் பிள்ளையும் அடிபடும் வாய்ப்பு அதிகம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகத் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் சொன்னார்கள். இந்திய அளவில் 29.3. ஆக, உங்கள் வார்டில் படுக்கையோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் இது அபூர்வம் இல்லை. அவர் மௌனத்தைக் குற்றத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், அப்பாவி என்று முடிவு கட்டவும் வேண்டாம். யார் செய்தது என்பது உங்கள் கேள்வியே இல்லை.

அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாட்டியை மருந்து வாங்க அனுப்புங்கள், தாயைப் பால் கொடுக்கும் அறைக்கு அழைத்துப் போங்கள். "கையில என்னம்மா?" என்று ஆரம்பிக்கலாம். அப்புறம், "வீட்ல யாரையாவது பார்த்தா பயமா இருக்கா?" இல்லை என்றால் விட்டுவிடுங்கள், கேட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டாலே அடுத்த முறை பேசலாம். "ஏன் பொறுத்துட்டு இருக்கே?" என்பது மட்டும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்லும் முதல் உதவியும் இதுதான்: காதுகொடுத்துக் கேள், தேவை என்னவென்று விசாரி, நம்புகிறேன் என்று உணர்த்து, பாதுகாப்பைக் கவனி, உதவிக்கு வழிகாட்டு. துண்டுப் பிரசுரம் கையில் கொடுத்து அனுப்பினால் வீட்டில் அது மாட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவருக்குச் சட்டப் பொறுப்பு ஏதும் இல்லை. ஆனால் தாய் வயது வந்தவர். அவர் விருப்பத்தை மீறி அவர் விஷயத்தை நகர்த்தினால் ஆபத்து அவருக்குத்தான். குழந்தை விஷயத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது.

சரி, சட்டம். இங்கே பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்சோ சட்டம், 2012. அதன் 19-ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்தது தெரிந்த யாரும் காவல்துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். டாக்டர், நர்ஸ், ஆயா என்ற வித்தியாசம் இல்லை. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். மகாராஷ்டிராவில் விடுதி மாணவிகளைப் பரிசோதித்தும் தகவல் சொல்லாத ஒரு டாக்டர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது சிவில், கிரிமினல் எந்த வழக்கும் வராது என்று அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனை வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு மட்டும்தான். சிகிச்சைக்கு முன் போலீஸ் கடிதம் கேட்கக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது.

நீங்கள் பார்த்தது உடல் காயம். அது இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 75-ஆம் பிரிவில் வரும். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்புறுத்தினாலும் வேண்டுமென்றே அலட்சியம் செய்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை. இதற்கு நீங்கள் அழைக்க வேண்டியது குழந்தைகள் உதவி எண்ணான 1098. இரவும் பகலும் எடுப்பார்கள், உங்கள் பெயர் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போகும். "சொன்னால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்கிவிடுவார்களே" என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது. காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

டியூட்டி டாக்டர் மறுத்தால் அவரோடு வாக்குவாதம் வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொருவரிடம் சொன்ன நேரத்தையும் எழுதுங்கள். சாயங்காலத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நீங்களே 1098-ஐ அழையுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாளாகச் சொல்லாமல், ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது அடுத்த சிஸ்டரிடமும் காயத்தைக் காட்டி, அவரையும் தன் நோட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

விசாரணை என்று வாடை அடித்ததும் குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். ஏ.எம்.ஏ. (மருத்துவ ஆலோசனையை மீறிப் போகிறோம் என்ற) படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். காயத்தில் சந்தேகம் இருக்கும் குழந்தைக்கு அந்தக் கையெழுத்து போதாது. படிவத்தை நீட்டுவதற்கு முன்பே பெரிய டாக்டருக்குத் தகவல் போக வேண்டும், 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் போன் போக வேண்டும். ஃபைலில் இருக்கும் முகவரியும் கைபேசி எண்ணும் சரிதானா என்று, சேர்க்கும் அன்றே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.