ஆரிய வைசியர்களுக்கு மயக்க மருந்து ஆகாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி செய்து எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொல்லி, 12 நாளில் தேதி கொடுத்திருக்கிறார். நாங்கள் ஆரிய வைசியர். வீட்டில் தெலுங்கு பேசினாலும் நான்கு தலைமுறையாகச் சென்னைதான். 'நம்மவர்களுக்கு மரபணுவிலேயே மயக்க மருந்து ஆகாது, தியேட்டருக்குப் போனால் எழுந்திருக்க மாட்டார்கள்' என்று உறவினர் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அதிலிருந்து அம்மா ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். இதற்கிடையில் ஒருவர் வீடு தேடி வந்து, எச்சிலை எடுத்து வம்சாவளி டிஎன்ஏ பார்க்கும் கிட் இருக்கிறது, நாலு பேருக்குச் சேர்த்து 38,000 ரூபாய், மயக்க மருந்துப் பிரச்சினையும் அதிலேயே தெரிந்துவிடும் என்கிறார். செய்துவிடலாமா?
— வாசகி, சவுகார்பேட்டை

பதில்: கிட் வேண்டாம். ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அம்மாவுக்கு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். அதன் பெயரைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், உங்களுக்கு வந்த செய்தியில் எது உண்மை, எது பயமுறுத்தல் என்று பிரித்துவிடுவோம்.

பொது மயக்கம் என்றால் ஒரே மருந்து இல்லை. தூங்கவைக்க ஒன்று, வலி தெரியாமலிருக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்கிறோம். அந்த மூன்றாவது வகையில் சக்சினைல்கோலின் என்று ஒரு மருந்து உண்டு. தியேட்டரில் நாங்கள் ஸ்கோலின் என்போம். தொண்டையில் சுவாசக் குழாய் வைப்பதற்காகக் கொடுப்பது. ஒரு நிமிடத்துக்குள் தசைகள் தளரும், ஐந்து பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். அவ்வளவு சீக்கிரம் அது கரைந்துபோவதற்குக் காரணம் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் ஒரு நொதி. லேபில் அதை சூடோகோலினெஸ்டெரேஸ் என்பார்கள். பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாதவருக்கு ஸ்கோலின் கொடுத்தால், ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது மணிக்கணக்கில் நீளும். கையைத் தூக்க முடியாது, கண்ணைத் திறக்க முடியாது, தானாக மூச்சு விட முடியாது.

செய்தியில் உள்ள உண்மை இவ்வளவுதான். தூக்க மருந்து அம்மாவுக்கு வேலை செய்யும், வலி மருந்தும் வேலை செய்யும். ஆகாதது ஸ்கோலினும், அதே நொதியை நம்பியிருக்கும் மைவகூரியம் போன்ற ஓரிரு மருந்துகளும்தான். தெரியாமல் கொடுத்துவிட்டாலும் வென்டிலேட்டரில் வைத்து, நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்துக் காத்திருந்தால் மருந்து மெல்ல வடிந்து அவர் நலமாக எழுந்துவிடுவார். ஆபத்து எப்போது என்றால், என்ன நடக்கிறது என்று தியேட்டரில் இருப்பவருக்குப் புரியாதபோது. அவர் தூக்க மருந்தை நிறுத்திவிட்டு, 'ஏன் இன்னும் மூச்சு எடுக்கவில்லை' என்று தடுமாறும்போது. மூளை விழித்திருக்கும், உடம்பு அசையாது. அந்த நிலையில் ஒரு மனிதர் படும் பயத்தை, அனுபவித்தவர்களே எனக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் சமூகத்தில் ஏன் இது அதிகம்? சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-ல் ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகளும் ஹார்வர்டு குழுவும் சேர்ந்து இந்தியச் சமூகங்களின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். வைசியர்களின் முன்னோர் நூறு தலைமுறைக்கும் முன்பே ஒரு சிறு கூட்டமாகக் குறுகி, அதன்பின் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்து பெருகியவர்கள் என்று அதில் தெரிந்தது. அந்தச் சிறு கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் இருந்த மரபணு எழுத்துப்பிழை இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களில் இருக்கிறது. அந்தப் பிழை எது என்பதும் தெரியும். நொதி என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதன் 307-வது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக புரோலின் வந்துவிட்டது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கெடுத்து 2006-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் வைசியரிடம் இந்தக் குறைபாடு ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம்.

இதில் வெட்கப்படவோ, 'எங்கள் ரத்தத்தில் குறை' என்று குமுறவோ எதுவும் இல்லை. 2017-ல் வந்த தொடர் ஆய்வில் 263 தெற்காசியச் சமூகங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81-ல் இந்தக் குறுகிய தொடக்கத்தின் தடயம், உலகம் முழுக்க இதற்கு உதாரணம் காட்டப்படும் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும்விட அழுத்தமாக இருந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் சமூகத்துக்கும் அதற்கே உரிய பிழை ஒன்று இருக்கலாம், அது இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கலாம். உங்களுடையது தெரிந்துவிட்டது. தெரிந்தது நல்லது.

இப்போது அந்த கிட்.

இது என்னை மிகவும் கோபப்படுத்தும் விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வம்சாவளி கிட் உங்களுக்கு ஒரு வண்ண வட்டப்படம் தரும். தெற்காசியர் இத்தனை சதவீதம், மத்திய ஆசியர் இத்தனை சதவீதம். மயக்க மருந்து மருத்துவருக்கு அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் ஆரிய வைசியர் என்பது உங்களுக்கே தெரியும். அதைத் தெரிந்துகொள்ள 38,000 ரூபாய் எதற்கு?

பணம் போனால் கூடப் பரவாயில்லை, இதில் ஆபத்தும் இருக்கிறது. இந்த கிட்களில் பெரும்பாலானவை மரபணு முழுவதையும் படிப்பதில்லை. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கும் சிப் அது. அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவை வைத்து. உங்கள் சமூகத்தின் 307-வது இடம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், ரிப்போர்ட்டில் 'பிரச்சினை எதுவும் காணப்படவில்லை' என்று வரும். அந்தத் தாளை நம்பி நீங்கள் டாக்டரிடம் எதுவும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? பரிசோதனையே செய்யாமல், 'நாங்கள் வைசியர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா இதைவிடப் பாதுகாப்பாக இருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அந்த 307-வது இடத்தை உங்கள் சோதனை பார்க்கிறதா? எழுத்தில் தருவீர்களா?' தர மாட்டார். அவருக்குத் தெரிந்தது கமிஷன் எவ்வளவு என்பது மட்டும்தான். மாதிரியை எடுத்து எங்கோ அனுப்பிவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் 'சர்க்கரை நோய் அபாயம் அதிகம், அடுத்த பேக்கேஜ் எடுங்கள்' என்று திரும்பி வருவார்கள். மத்திய அரசின் இந்திய ஜீனோம் திட்டத்தில் பத்தாயிரம் பேரின் மரபணுத் தரவு 2025 ஜனவரியில் வெளியானதல்லவா, அந்தப் பெயரையும் சொல்லி விற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அந்தத் திட்டத்துக்கும் உங்கள் வாசலில் நிற்பவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? 'சீரம் சூடோகோலினெஸ்டெரேஸ்' என்று எழுதிக்கொண்டு ஒரு நல்ல லேபுக்குப் போங்கள். கிட் விலையில் சிறு பங்குதான் ஆகும். கவுன்டரில் 'யாராவது பூச்சிமருந்து குடித்துவிட்டார்களா?' என்று கேட்டால் பதற வேண்டாம். பூச்சிமருந்தின் விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும் இதே பரிசோதனைதான், அவர்கள் அதற்குத்தான் அதிகம் செய்கிறார்கள். 'அறுவை சிகிச்சைக்கு முன் பார்க்கிறோம்' என்று சொல்லுங்கள். சிவப்பணுக்களில் உள்ள கோலினெஸ்டெரேஸ் வேறு, அதைப் பார்த்துவிட வேண்டாம். பில்லில் சீரம் என்றோ சூடோ என்றோ இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அளவு இயல்பாக இருந்தால் கவலையில்லை. மிகக் குறைவாக இருந்தாலும் ஆபரேஷன் அதே தேதியில் நடக்கலாம். ஸ்கோலினுக்குப் பதிலாக ரோகுரோனியம், வெகுரோனியம், அட்ராகூரியம் என்று இந்த நொதியை நம்பாத மருந்துகள் எல்லா தியேட்டரிலும் இருக்கின்றன. பித்தப்பை போன்ற திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பலர் இவற்றைத்தான் வழக்கமாகவே பயன்படுத்துகிறோம். பல் பிடுங்கப் போடும் லிக்னோகைன் ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அதற்கும் பயந்து பல்வலியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இந்தப் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுக் குறைபாடு. அம்மாவுக்குக் குறைபாடு உறுதியானால் அவருடைய உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. நீங்களும்தான். அம்மாவிடமிருந்து ஒரு பிழை உங்களுக்கு நிச்சயம் வந்திருக்கும். உங்கள் அப்பாவிடமும் ஒன்று இருந்தால், உங்களுக்கு முழுக் குறைபாடு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒரே சமூகம், அதிலும் மாமன் மகள் அத்தை மகன் என்று மேனரிகம் பார்த்துக் கட்டிய குடும்பம் என்றால் இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் இதை வைத்து வரன் தட்டிப்போவதெல்லாம் அநியாயம். இந்தக் குறைபாடு உள்ளவர் ஆயுள் முழுக்க ஆரோக்கியமாக இருப்பார், அந்த ஓரிரு மருந்துகளை மட்டும் தொடாமலிருந்தால் போதும்.

ஒரு இடத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆபரேஷனே இல்லாமல் ஸ்கோலின் போடும் இடம் அது. கடுமையான மனச்சோர்வு போன்றவற்றுக்குக் கொடுக்கும் மின் அதிர்வு சிகிச்சை, மக்கள் வழக்கில் ஷாக் ட்ரீட்மென்ட். இப்போது அதை மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள், சில நிமிட வேலை. உடம்பு துள்ளி எலும்பு முறியாமலிருக்க தசைத் தளர்ச்சி வேண்டும், அதற்கு வழக்கமான மருந்து ஸ்கோலின்தான். குடும்பம் இந்தச் சிகிச்சையை வெளியில் சொல்வதில்லை. சித்தப்பாவுக்கு ஆபரேஷனில் நடந்தது பெரியம்மா மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறவருக்குத் தெரியாது. மருத்துவரும் 'இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது?' என்று கேட்பார், 'இல்லை' என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. ஐந்து நிமிடச் சிகிச்சை என்பதால் நீண்ட நேர வென்டிலேட்டர் ஏற்பாடு பக்கத்திலேயே இல்லாத இடங்களும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடக்கிறதென்றால், கூச்சம் பார்க்காமல் அங்கேயும் சொல்லிவிடுங்கள். அங்கேயும் மாற்று மருந்து உண்டு. வைசியர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் கவனமான மருத்துவர் முதல் தடவையிலிருந்தே அதைத்தான் எடுப்பார்.

பல வருடங்களுக்கு முன் நான் இளம் மருத்துவராக இருந்தபோது, ஜார்ஜ் டவுனில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு இளைஞருக்கு இரவில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். முடிந்த பிறகு மூச்சு வரவில்லை. என் மூத்த மருத்துவர் போனிலேயே 'வைசியரா கேள்' என்றார். கேட்டேன், ஆமாம் என்றார்கள். ஐந்து மணி நேரம் தூக்கத்தில் வைத்திருந்து காலையில் குழாயை எடுத்தோம். வெளியே போய்ச் சொன்னபோது அவருடைய அக்கா சொன்னார்: 'எனக்கும் சிசேரியனில் இப்படித்தான் டாக்டர், கொஞ்சம் லேட்டா கண் முழிச்சேன்னு சொன்னாங்க.' அவருடைய டிஸ்சார்ஜ் தாளை மறுநாள் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை அந்த மருத்துவமனை எழுதியிருந்தால் தம்பிக்கு நாங்கள் அந்த மருந்தைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

இன்றும் நான் பார்க்கும் முன்-மயக்கப் பரிசோதனைப் படிவங்கள் பலவற்றில் பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா என்றெல்லாம் கட்டம் இருக்கிறது. 'ரத்த உறவில் யாராவது மயக்கத்துக்குப் பின் தாமதமாக எழுந்தார்களா' என்பதற்கு இல்லை. பத்தாயிரம் பேரின் மரபணுவைப் படிக்கத் தெரிந்த நாட்டில் ஒரு வரிக் கேள்வியை அச்சடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. சாதியைக் கேட்பதில் உள்ள தயக்கம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் கேள்வியை உறவினர் வழியாகக் கேளுங்கள் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிவம் மாறும்வரை, சொல்ல வேண்டிய வேலை உங்களுடையது.

ஆகவே, அம்மாவை அட்மிட் செய்யும் முன்பே மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்க நேரம் கேளுங்கள். சர்ஜனிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். 'நாங்கள் ஆரிய வைசியர், சூடோகோலினெஸ்டெரேஸ் ரிப்போர்ட் இது' என்று தாளைக் கையில் கொடுங்கள். அளவு குறைவாக இருந்தால், டிஸ்சார்ஜ் தாளில் ஸ்கோலின் கொடுக்கக் கூடாது என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள். அந்த வரியை போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் செய்தி வந்த அதே உறவினர் குழுவில் போட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு லேபும் வேறு வேறு அளவுமுறையில் எண் தருகிறது, எண்ணை மட்டும் சொன்னால் எனக்குப் புரியாது. இயல்பு அளவு அச்சடித்திருக்கும் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.