தலை மட்டும் நீந்துற மீனு

கேள்வி: எம்பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. செல்லுல சூரிய மீன் வீடியோ ஒண்ணு பாத்துட்டு "அம்மா, இதோட வால யாரும்மா வெட்டுனா"ன்னு ஒரே அழுகை. அப்புறம் பறவை ஒண்ணு வந்து அத கொத்துதா, இன்னும் பயந்துட்டா. எப்படி சொல்லி புரியவைக்கிறது?
- ஒரு அம்மா, திருத்துறைப்பூண்டி

பதில்: யாரும் வெட்டலடா கண்ணு, அது பொறப்பே அப்படித்தான்னு மொதல்ல சொல்லிடுங்க. நம்ம கரையில கெடைக்கிற பேத்த மீனுக்கு அது தூரத்து சொந்தம். வால் இருக்கவேண்டிய எடத்துல மடிப்பு மடிப்பா ஒரு விளிம்புதான் இருக்கும், மேல ஒரு துடுப்பு கீழ ஒரு துடுப்பு, ரெண்டையும் பக்கவாட்டுல அசைச்சு அசைச்சே கடல சுத்தி வந்துடும். முட்டையில இருந்து வர்றப்ப சில மில்லிமீட்டர்தான், ஒடம்பு பூரா முள்ளு. அதுவா இவ்ளோ பெருசா ஆச்சுன்னு கேக்காதீங்க, 2021ல அட்லாண்டிக் கடல்ல இருக்குற அசோர்ஸ் தீவு பக்கம் செத்து மெதந்த ஒரு சூரிய மீனோட எடை 2,744 கிலோ! எலும்புள்ள மீன்லயே (குருத்தெலும்பு உள்ள சுறா, திருக்கை இதுல சேராது) இதுவரைக்கும் எடை போட்டதுல அதுதான் பெருசு.

இப்ப அந்த பறவை விஷயம். சொறி மீன், அதான் ஜெல்லி மீன், அது மாதிரி இரை தேடி இந்த மீன் குளிருற ஆழத்துக்கு போகும், ஒடம்பு சில்லுன்னு ஆனதும் மேல வந்து வெயில்ல ஒருக்களிச்சு படுத்துக்கும். அது மேல ஒட்டுண்ணி மட்டும் நாப்பது வகைக்கு மேல இருக்கு, சிலது தோலுக்குள்ள தலைய நுழைச்சுக்கிட்டு வால் மட்டும் நூல் மாதிரி வெளிய தொங்கும். கடல் காக்கா, ஆல்பட்ராஸ்ங்கிற பெரிய கடல் பறவை எல்லாம் வந்து அதத்தான் புடுங்கி திங்குது. உங்க ஊர் வாய்க்கா கரையில மேயிற எருமைகிட்ட பாப்பாவ கூட்டிட்டு போங்க, காக்கா காதுக்குள்ள அலக விட்டு உண்ணி எடுக்குறப்ப எருமை காத கூட ஆட்டாம நிக்கிறத அவளே பாக்கட்டும், அப்புறம் அந்த வீடியோவ மறுபடி போட்டு காட்டுங்க, பயம் போயிடும்.

தண்ணிக்குள்ளயும் இதே கதைதான். இந்தோனேசியாவுல பாலி தீவு பக்கம் பவளப்பாறைகிட்ட வந்து சூரிய மீன் அசையாம நிக்கும், வரி வரியா இருக்குற குட்டி மீனுங்க கூட்டமா வந்து சுத்தி சுத்தி கொத்தும். இத வெறும் ஃபிரெண்ட்ஷிப்புன்னு சொல்லி முடிச்சிடாதீங்க ப்ளீஸ். குட்டி மீனுக்கு வயிறு நெறையுது, பெருசுக்கு அரிப்பு கொறையுது, ஆளுக்கு ஒரு லாபம். பசங்களுக்கு இது ரொம்ப நல்லாவே புரியும், ஸ்கூல்ல ஸ்டிக்கருக்கு பென்சில் மாத்திக்கிறவங்கதானே!

கேள்வி: கடல் பக்கத்துலயே இருக்குற பிள்ளைங்க எங்க பிள்ளைங்க. பாலி, அசோர்ஸ்லாம் எதுக்கு, இங்கயே காட்ட ஒண்ணும் இல்லையா?
- ஒரு டீச்சர், வேதாரண்யம்

பதில்: இருக்கே டீச்சர், உங்களுக்குத்தான் ரொம்ப பக்கம். கோடியக்கரைக்கு முட்டை போட வருதே பங்குனி ஆமை, அது மாதிரி கடலாமைங்க மேலயும் சுறா மேலயும் ஒட்டிக்கிட்டு ஓசியில ஊர் சுத்துற மீன் ஒண்ணு இருக்கு, ரெமோரான்னு பேரு. அதோட முதுகுத் துடுப்பே மாறி தலை உச்சியில செருப்பு அடி மாதிரி வரி வரியா ஒரு உறிஞ்சு தட்டா ஆயிருக்கும். வலையில வந்தா கரையில தூக்கி போட்டுடுவாங்க, கடலுக்கு போற அப்பா, தாத்தா யாராவது இருந்தா ஒண்ணு எடுத்துவைக்க சொல்லுங்க. பிள்ளைங்க அந்த தட்டுல வெரல வச்சு பின்பக்கமா ஒரு தடவ, முன்பக்கமா ஒரு தடவ தடவிப் பாக்கட்டும். ஆமை வேகமா போகப்போக அது ஏன் இன்னும் இறுகுதுன்னு பிள்ளைங்களே சொல்லிடுவாங்க. தை, மாசியில வனத்துறைகிட்ட முன்கூட்டியே கேட்டுட்டு ஆமை முட்டை பொரிப்பகத்துக்கும் ஒரு நடை கூட்டிட்டு போங்க, ராத்திரி வேண்டாம், காலையில போங்க.