தலைவரும் ஆலோசகரும் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் பேசுவார்கள்?

கேள்விக்கு ஊகமாகப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, காதாலேயே கேட்கலாம். அமெரிக்க அதிபர் நிக்சன் 1971 பிப்ரவரி முதல் 1973 ஜூலை வரை தன் அறைப் பேச்சையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்தார். மொத்தம் சுமார் 3,700 மணி நேரம், பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தக்கலையில் கடையைப் பூட்டிவிட்டு வந்து ராத்திரி இயர்போனில் கேட்பது என் பழக்கம். மைக்கை மேசைக்குள் ஒளித்து வைத்திருந்ததால் பேச்சைவிடக் கோப்பை வைக்கிற சத்தம்தான் காதைப் பிளக்கும்.

என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்தது 1972 மே 15. அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டியில் இருந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸை மேரிலாந்தில் ஒரு கூட்டத்தில் வைத்து ஆர்தர் பிரெமர் என்ற 21 வயதுப் பையன் சுட்டுவிட்டான், வாலஸ் அப்புறம் நடக்கவே இல்லை. அன்று ஆலோசகர் கோல்சனிடம் நிக்சன் சொன்னது, சுட்டவன் எதிர்க்கட்சித் தலைவர்களான மெக்கவர்ன், எட்வர்ட் கென்னடி ஆள் என்று பரப்பிவிடு. இதை நான் சாயாக்கடையில் சொன்னபோது, அண்ணாச்சி ஆற்றுவதை நிறுத்தாமலே, “அப்ப அவன் உண்மையில எந்தக் கட்சிடே?” என்றார். எந்தக் கட்சியும் இல்லை, பேர் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அவன் முதலில் குறி வைத்ததே நிக்சனை. ஏப்ரலில் நிக்சன் அரசுமுறைப் பயணமாக ஒட்டாவா போனபோது பின்னாலேயே போய், கிட்ட நெருங்க முடியாமல் திரும்பியவன்!

அதே மேசையில்தான் அந்த மாதத்து வெளியுறவு விவகாரமும். மே 8 அன்று வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தில் கண்ணிவெடி வைப்பதாக அறிவிப்பு, மே 19 அன்று ஆஸ்பத்திரியில் வாலஸைப் பார்த்து நலம் விசாரிப்பு, மே 22 அன்று மாஸ்கோ, 26 அன்று சோவியத் தலைவர் பிரெஷ்னெவுடன் அணு ஆயுத ஒப்பந்தத்தில் கையெழுத்து. பரப்பச் சொன்னதும் ஒப்பந்தம் போட்டதும் ஒரே ஆள் என்பது நாடாவைக் கேட்கும்போதுதான் உறைக்கிறது.

புதிதாகக் கேட்பவர்கள் 1971 நவம்பரில் இருந்து ஆரம்பியுங்கள், வங்கதேசப் போருக்கு முந்தின வாரங்கள். இந்திரா காந்தியைப் பற்றி நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் பேசுவது அச்சில் ஏற்ற முடியாத ரகம். எங்கள் அப்பா அந்த வருடம் நாகர்கோவிலில் காமராஜருக்கு ஓட்டுக் கேட்டு அலைந்தவர், இந்திரா என்றாலே ஆகாது. மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நம்ம பொம்பளைய இவனுவ என்னடே இப்பிடிப் பேசுகானுவ” என்று எழுந்து போய்விட்டார்.