ஹவுசிங் போர்டு வீட்டைப் புதுப்பிக்க 3 லட்சம் போதுமா?

கேள்வி: முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் என் தந்தைக்கு ஒதுக்கிய 620 சதுர அடி வீட்டில் வசிக்கிறோம். கட்டடத்துக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட அதில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் உள்ளது. குளியலறைக் கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. கையில் 3 லட்ச ரூபாய் இருக்கிறது. இன்னும் 5 லட்சம் கடன் வாங்கி, ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்து, தரை முழுவதும் டைல்ஸ் பதித்து, மாடுலர் கிச்சனும் போட்டுவிடலாம் என்கிறான் என் தம்பி. என்ன செய்யலாம்?

பதில்: கடனைப் பற்றி முடிவெடுக்கும் முன் கூரையில் தெரியும் அந்தக் கம்பிக்கு வழி செய்யுங்கள். மேலேயிருந்து ஆண்டுக்கணக்கில் ஈரம் இறங்கும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பதால், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. எனவே விழுந்த இடத்தில் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த முறை விழுவது இன்னும் பெரிய துண்டாக இருக்கும், அது யார் தலையிலும் விழலாம். கசிவும் பெயரும் பூச்சும் கண்ணில் படாமல் மறைந்துவிடும் என்பதால்தான், பழைய வாரிய வீடுகளில் குளியலறைக்கும் சமையலறைக்கும் ஃபால்ஸ் சீலிங் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். மேல்வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் நாட்களிலும் கசிவு குறையவில்லை என்றால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் நஹானி டிராப்பின் (குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் வாயின்) இணைப்போ தரையின் நீர்க்காப்போ பழுதாகியிருக்கும். மழைக்காலத்தில் மட்டும் பரவினால் வெளிச்சுவரின் விரிசலையும், அதை ஒட்டி இறங்கும் கழிவுநீர்க் குழாயின் மூட்டுகளையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் பழுது மேல்வீட்டுக் குளியலறையில்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் பணத்தில் ஒரு பகுதியை மேல்வீட்டில் செலவிட நேரலாம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் முன்னிலையில் மேல்வீட்டாருடன் பேசி, செலவைப் பகிர்ந்துகொள்வதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பழைய டைல்ஸையும் அடியிலுள்ள நிரப்பலையும் எடுத்துவிட்டு, டிராப்பைப் புதிதாகப் பொருத்தி, தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சை இரண்டு கோட்டிங்காக அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துச் சோதித்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும். டைல்ஸ் இடுக்கில் ரசாயனம் ஊற்றி ஒரே நாளில் கசிவை நிறுத்துவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அது காய்ந்த பின்னரே உங்கள் கூரைக்கு வர வேண்டும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சும், பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான பூச்சும் கொடுத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்ப்பதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் மட்டுமே சொல்ல முடியும். அவர் வரும்போது வீட்டின் எல்லாக் கூரைகளையும், பால்கனியையும், சன்ஷேடையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொள்ளலான சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அந்தப் பரப்பை வைத்து விலை கேளுங்கள்.

சுவரை எடுக்கும் யோசனையை, பொறியாளர் எழுத்தில் அனுமதிக்காத வரை, கைவிடுங்கள். அந்தக் காலத்து வாரியக் கட்டடங்கள் பலவற்றில் தூண்கள் இல்லை, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களே தளங்களைத் தாங்குகின்றன. உங்கள் வீட்டின் ஒன்பது அங்குலச் சுவரின் மேல் மூன்றாம் மாடியின் சுவரும் மொட்டைமாடியின் எடையும் நிற்கக்கூடும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தாலும், அளந்து பார்க்காமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. உங்கள் ஹால் அகலமாவதற்காக மற்ற குடும்பங்களின் பாதுகாப்பைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

டைல்ஸிலும் எடையைக் கணக்கிட வேண்டும். பழைய மொசைக் தரையின் மேல் 3 செ.மீ. கலவை போட்டு டைல்ஸ் பதித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோ கூடும். சுவர்கள் போக உங்கள் வீட்டில் 45 சதுர மீட்டர் தரை இருந்தால், அது மூன்றரை டன்னுக்கு மேல். வீடுகளின் தளத்தில் மனிதர்கள், சாமான்களுக்காக வடிவமைப்பில் கொள்ளப்படும் எடையே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். மொசைக் உடையாமல் இருந்தால் மெஷின் வைத்துப் பாலிஷ் போடுங்கள். அதன் அழகும் உழைப்பும் இன்றைய மலிவு டைல்ஸுக்கு வராது. டைல்ஸ்தான் வேண்டுமென்றால், சில மி.மீ. கனமே உள்ள டைல் பசையால் ஒட்டச் சொல்லுங்கள்.

இனி பணக் கணக்கு. பின்வருவது என் மதிப்பீடு, எழுத்தில் விலை வாங்கிய பின் மாறலாம். ஒன்றரை லட்சம் மட்டுமே இருந்தால் கசிவு, கூரைக் கம்பி, மின்சார மெயின் போர்டு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பெயின்ட் கூட அடுத்த ஆண்டுதான். உங்களிடமுள்ள 3 லட்சத்தில் அதற்கு மேல் வீடு முழுவதும் வயரிங்கை மாற்றலாம். விளக்குகளுக்கு 1.5, பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. செப்புக் கம்பி போட்டு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சரியான எர்த்தும் வையுங்கள். துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்களுக்கு மாற்றி, மொசைக்கைப் பாலிஷ் செய்து, கடப்பாக் கல் அலமாரிகளுக்குக் கதவு பொருத்தி, பெயின்ட் அடிக்கும் அளவுக்குப் பணம் இருக்கும். எனவே கடன் இல்லாமலேயே வீடு நன்றாக இருக்கும்.

8 லட்சம் செலவிடலாமா என்பது இன்னொரு கேள்வியைப் பொறுத்தது. கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு உங்கள் சங்கத்தில் இருக்கிறதா? 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்கு வழி உண்டு. சில ஆண்டுகளில் அது நடக்கும் என்றால், சுவரிலும் தரையிலும் புதைக்கும் ஒவ்வொரு ரூபாயும் இடிபாட்டோடு போகும். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய அலமாரி, ஏ.சி., கட்டில் போன்றவற்றில் போடுங்கள். அந்தப் பேச்சே இல்லை, பொறியாளரும் கட்டடம் உறுதியாக உள்ளது என்கிறார் என்றால் மாடுலர் கிச்சனும் யு.பி.வி.சி. பிளாஸ்டிக் ஜன்னலும் போடலாம். அப்போதும் சிங்க் அடியில் ஐ.எஸ். 710 (ஈரத்தைத் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள ப்ளைவுட்டை மட்டுமே பயன்படுத்துங்கள், சென்னையின் ஈரப்பதத்தில் மட்டமான பலகை சீக்கிரமே ஊதிவிடும். கடன் வாங்கும் முன், வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் உங்கள் தந்தை பெயரில் பதிவாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பிப்ரவரியில் தொடங்கினால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் பூச்சுகள் நன்றாகக் காய்ந்துவிடும். மேஸ்திரிக்குத் தரும் பணத்தைத் தவணைகளாகப் பிரித்து, தண்ணீர் தேக்கும் சோதனை முடியும் வரை கணிசமான தொகையையும், முதல் பெருமழை வரை பத்தில் ஒரு பங்கையும் நிறுத்தி வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.