ஓபேர் அக்கா பதில்கள்: "எப்படிக்கா வாயைத் திறந்து சொல்றது?"

போன இதழில் ஜெர்மனியில் நான் ஓபேராக இருந்த 11 மாதங்களைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நம் பிள்ளைகள் இவ்வளவு பேர் அந்தப் பக்கம் கிளம்புகிறார்களா என்று ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டே அந்த மொழியைக் கற்பதுதான் ஓபேர். சாப்பாடு, அறை, கைச்செலவுக்குப் பணம் குடும்பத்தினர் தருவார்கள். 'சமமாக' என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் அது. சமமாக நடத்துகிறார்களா என்பதுதான் பாதிக் கடிதங்களில் இருக்கும் கேள்வி.

அக்கா, எனக்கு 24 வயது. நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியின் முதல் நிலைத் தேர்வான ஏ1 பாஸ் செய்திருக்கிறேன். இணையத்தில் கிடைத்த ஒரு குடும்பம் மாதம் 800 யூரோ தருவதாகச் சொல்கிறது. விசா வேலை பார்க்கும் வக்கீலுக்கு மட்டும் முதலில் 600 யூரோ அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா? - திருச்சி வாசகி

அனுப்பாதீர்கள். விசாவுக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான கட்டணம் 75 யூரோ, நடுவில் வக்கீலுக்கு வேலையே இல்லை. ஜெர்மனியில் ஓபேருக்குக் கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்குக் கூடுதலாக 70 யூரோ, இதுதான் நடைமுறை. 800 என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். உண்மையான குடும்பம் என்றால் வீடியோவில் நாலைந்து தடவை பேசுவார்கள், குழந்தைகள் குறுக்கே ஓடும், உங்களுக்கான அறையைக் காட்டுவார்கள். முன்பு அங்கே இருந்த பெண்ணோடு, குடும்பத்தார் பக்கத்தில் இல்லாமல், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். விமான டிக்கெட் பெரும்பாலும் நம் செலவுதான், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது, அதிகபட்சம் ஒரு வருடம், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். இதை நர்ஸ் வேலைக்கான வாசல் என்று நினைத்துப் போகாதீர்கள். அதற்குப் படிப்பை அங்கீகரிக்க வைக்க வேண்டும், ஏ1, ஏ2 தாண்டி மேல் நிலைகளான பி1, பி2 அளவு மொழி வேண்டும், அது தனிப் பாதை. மொழியை நன்றாகப் பிடித்துக்கொள்ள இந்த ஒரு வருடம் உதவும், அவ்வளவுதான். ஏ1 விசாவுக்குப் போதும். ஆனால் எனக்கு ஏ1 இருந்த காலத்தில் நாலு வயதுக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஏதோ சொன்னது புரியாமல் நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன், அதனால் போவதற்குள் ஏ2 வரையாவது படித்துவிடுங்கள்.

நான் நியூரம்பெர்க் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஐந்து மாதமாக இருக்கிறேன். முதலில் இரண்டு குழந்தைகள் மட்டும் என்றார்கள். இப்போது ஜன்னல் துடைப்பது, தோட்ட வேலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் பாட்டியைக் குளிப்பாட்டுவது என்று கூடிக்கொண்டே போகிறது. நல்லவர்கள்தான், பிறந்தநாளுக்குக் கோட்டு வாங்கித் தந்தார்கள். எப்படிக்கா வாயைத் திறந்து சொல்றது?

கோட்டு வாங்கித் தந்ததால்தான் சொல்ல முடியவில்லை, இல்லையா? எனக்கும் இதுவே நடந்தது. நான் இருந்த வீட்டில் சனிக்கிழமை இரவு "ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்பார்கள், திரும்பி வர ஒரு மணி ஆகும், நடுராத்திரி ஒரு மணி. சிரித்துக்கொண்டே சரி சரி என்று ஆறு மாதம் தலையாட்டிவிட்டு, ஒருநாள் ஒரு கழுவாத தட்டுக்காக வெடித்தேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதது அவர்கள் தப்பும் இல்லை. நாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் நம் வீட்டில் அம்மா கண்டுபிடிப்பாள், அங்கே கண்டுபிடிக்க மாட்டார்கள். சொன்னால்தான் தெரியும் என்கிற ஊர் அது.

விதி என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதற்கு மேல் இல்லை. ராத்திரி குழந்தைக்குக் காவல் இருப்பதும் அந்தக் கணக்கில்தான். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை, நாலு மாலைகள் உங்களுடையவை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுசாக. வருடத்துக்கு 4 வாரம் விடுப்பு, அந்த நாட்களுக்கும் பணம் உண்டு. வீட்டு வேலை என்றால் குழந்தைகளின் துணி, எளிய சமையல், பாத்திரம், எல்லோரும் புழங்கும் இடத்தைச் சுத்தமாக வைப்பது. வீடு முழுக்க ஜன்னல் துடைப்பதும் தோட்டமும் அதில் வராது. பாட்டியைக் குளிப்பாட்டுவது கண்டிப்பாக வராது, முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிப்பது ஓபேர் வேலையே இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, என்ன வேலை. புகாராக எழுத வேண்டாம், பால் கணக்கு மாதிரி இருந்தால் போதும். பிறகு குழந்தைகள் தூங்கியதும் "கொன்னன் வியர் குர்ட்ஸ் ரேடன்?" என்று கேளுங்கள், கொஞ்சம் பேசலாமா என்று அர்த்தம். நோட்டை மேசையில் வைத்துவிட்டு, "என்னால் 30 மணி நேரம் நன்றாகச் செய்ய முடியும், இதில் எதைச் செய்யட்டும்?" என்று கேளுங்கள். கண்ணீர் வேண்டாம், கோட்டுப் பேச்சும் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வழக்கமாக 14 நாள் முன்னறிவிப்பு என்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஏஜென்சி மூலம் போயிருந்தால் அவர்களிடம் பேசுங்கள். வேறு குடும்பத்துக்கு மாறலாம், ஆனால் மாறுவதற்கு முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடக் கணக்கு புதிதாகத் தொடங்காது, மிச்சம் உள்ள மாதங்கள் மட்டும்தான். பாஸ்போர்ட்டை யார் "பத்திரமாக வைக்கிறேன்" என்று கேட்டாலும் தரக் கூடாது. அடி, மிரட்டல், தொடுகை என்று போனால் நோட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்: பெண்களுக்கான உதவி எண் 116 016, 24 மணி நேரமும் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 110, போலீஸ்.

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம், இருவருமே மதுரை. அக்கா மகளை ஓபேராகக் கூப்பிட்டால் அவளுக்கும் ஒரு வழி, எங்கள் பையனுக்கும் தமிழ் வரும். முடியுமா?

முடியாது. சொந்தக்காரர்களைக் கூப்பிடக் கூடாது. வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாக இல்லாமல் பேச்சுமொழியாக மட்டும் இருந்தால், ஓபேர் உங்கள் சொந்த நாட்டிலிருந்து வரவும் கூடாது. அவள் ஜெர்மன் கற்கத்தானே வருகிறாள், உங்கள் வீட்டில் மதுரைத் தமிழ்தானே கற்பாள்! பையனுக்குத் தமிழ் வர வேண்டும் என்றால் நீங்களே பேசுங்கள்.

என் கணவர் ஜெர்மானியர், நான் கோவை. ஜார்ஜியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். மகள் மாதிரிதான் பார்க்கிறேன், ஆனால் வேலை முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மனசு கஷ்டமாக இருக்கிறது. - ஃப்ரைபுர்க் வாசகி

மகள் இருந்தாலும் 20 வயதில் கதவைச் சாத்தத்தான் செய்வாள், அம்மா! நாள் முழுக்க அந்நிய மொழியில் பேசினால் மண்டை காய்ந்துவிடும், அதற்கு ஓய்வு அந்த மூடிய கதவுதான். அந்த அறைக்குக் குறைந்தது 8 சதுர மீட்டர், ஜன்னல், ஹீட்டர், பூட்டக்கூடிய கதவு வேண்டும் என்று விதியில் இருப்பதே அதற்காகத்தான். தட்டாமல் உள்ளே போகாதீர்கள், இஸ்திரி மேசையை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். (நான் இருந்த வீட்டில் வைத்தார்கள்.)

மகள் மாதிரி என்கிற பேச்சில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மகளிடம் நாம் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. அதனால் வாரக் கால அட்டவணையை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், அவளுடைய நேரம் எது என்று அவளுக்கும் உங்கள் குழந்தைக்கும் தெரியட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வது, செல்போன் எவ்வளவு நேரம் தரலாம், யாரோடு வெளியே அனுப்பலாம், இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம் வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம் காபி. அதில் முதலில் அவள் பேச வேண்டும்.

இன்ஷூரன்சை மறக்காதீர்கள். உடல்நலம், விபத்து, பிறருக்கு ஏற்படும் சேதம், மூன்றுக்கும் பணம் கட்ட வேண்டியது நீங்கள்தான். மூன்றாவதில் சாவி தொலைந்தால் பணம் கிடைக்குமா என்று பாருங்கள். அடுக்குமாடிக் கட்டிடத்துக்கே பொதுவான பூட்டு அமைப்பு இருந்தால், ஒரு சாவி தொலைந்ததற்கு எல்லாப் பூட்டையும் மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கில் பில் வரும்.

நான் சுத்த சைவம். அம்மா நெய், பால்கோவா, கறிவேப்பிலை எல்லாம் கட்டித் தருகிறேன் என்கிறார். - தஞ்சாவூர்

நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பையில் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, புளி, ஊறுகாய் தாராளமாக எடுத்துப் போங்கள். சைவம் என்பதை வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள், மீனும் சாப்பிட மாட்டேன் என்று தனியாகச் சொல்லுங்கள். பல வீடுகளில் ராத்திரி சாப்பாடு ரொட்டியும் சீஸும்தான், அடுப்பே எரியாது. சமைக்கலாமா என்று கேட்டால் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். ஆனால் கடுகும் மிளகாயும் தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். அங்கே படுக்கையறை தோறும் கூரையில் புகை எச்சரிப்பான் இருக்கும். என் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரசம் தாளித்தேன், மேல்மாடி வரை எல்லோரும் ராத்திரி உடையோடு தெருவில் நின்றார்கள்.